முன் பிரேக்

சைக்கிள் மிதிக்கிறவனுக்குக் காரைக்காலைப் போலத் தோதான ஊர் கிடையாது சார். மேடு என்று பெயர் வைத்த இடம்கூட அங்கே தட்டையாகத்தான் இருக்கும். ஒருநாள் காரைக்கால்மேட்டுக்கு வந்து பாருங்கள். படகும் வலையும் மீன் ஏலமும்தான் இருக்கும், ஏற வேண்டிய மேடு என்று ஒன்று இருக்காது. எங்களுக்குத் தெரிந்த ஒரே ஏற்றம் பாலத்து ஏற்றம். ஆனி ஆடியில் கச்சான் காற்று மேற்கேயிருந்து அடிக்கும். காலையில் சுரக்குடியிலிருந்து வேலைக்குப் போகும்போது முதுகைத் தள்ளிவிடும், சாயங்காலம் திரும்பும்போது நெஞ்சில் அறையும். அந்தக் காற்றைத்தான் நாங்கள் மலை என்று நினைத்துப் பழகியிருந்தோம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் பிரேக்கைப் பற்றிக் கேட்டீர்கள். அறுந்த கம்பியை மேசைமேல் வைத்துவிட்டு நேற்றிலிருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். எங்கள் ஊரில் பிரேக் என்பது ஆட்டுக்குட்டிக்கும் வேகத்தடைக்கும்தான். அதுவும் பின் பிரேக். "முன் பிரேக்கப் புடிச்சா குப்புற அடிச்சி பல்லு போயிரும்" என்று சொல்லித்தான் எங்களுக்குச் சைக்கிள் பழக்கினார்கள். ஐம்பது வயதாகிறது, நான் முன் பிரேக்கைத் தொட்டது கிடையாது. தொடாத கம்பி உறைக்குள்ளேயே துருப்பிடிக்கும். என் வண்டி பகல் முழுக்கக் கடற்கரைச் சாலையில் அலுவலக வாசலில் நிற்கிற வண்டி. உப்புக்காற்று எந்த இரும்பையும் சும்மா விடாது.

என் பெயர், தொழில் எல்லாம் உங்களிடம் இருக்கிறது. ராஜ்மோகன், புதுச்சேரி அரசில் எழுத்தர். நான் கோபக்காரன் இல்லை என்பதை யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். என்னோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லாரும் கண்காணிப்பாளராகிவிட்டார்கள். எனக்குப் பிறகு வந்தவர்களும் ஆகிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் சால்வை போர்த்தி, கைகுலுக்கி, இனிப்பு வாங்கித் தின்றிருக்கிறேன். கடைசியாக வருவதில் எனக்கு ஒரு குறையும் இருந்தது கிடையாது.

எங்கள் அலுவலகத்தில் மாஹே என்றால் தண்டனை என்று அர்த்தம். "ரொம்ப பேசுனா மாஹேக்குத் தூக்கிடுவாங்க" என்பார்கள். கிழக்குக் கடலோரம் காரைக்கால், மேற்குக் கடலோரம் மாஹே. இரண்டுக்கும் ஒரே அரசாங்கம், நடுவில் இரண்டு மாநிலம், ஒரு மலைத்தொடர். வங்கியில் வேலை பார்க்கும் மணிபாரதி ஒருநாள் கடற்கரையில் சுண்டல் தின்றுகொண்டே, "இந்தக் கடல்லேருந்து அந்தக் கடலுக்கு மிதிச்சே போனா என்ன" என்றார். எங்கள் சைக்கிள் குழுவுக்கு அவர்தான் தலைவர். அவர் ஒன்று சொல்லிவிட்டால் பிறகு மறுபேச்சு இல்லை. பொங்கல் முடிந்ததும் கிளம்புவதாக ஏற்பாடு.

என் மனைவி மங்கையர்க்கரசி தேங்காய்ப் பொடி, பூண்டு ஊறுகாய் எல்லாம் கட்டிக் கொடுத்தாள். கட்டிக் கொடுத்துவிட்டு, "போறது சரி. பாதியில வேன்ல ஏறி உக்காந்துக்கிட்டுப் போறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க, அதுக்கு ரெயில்லயே போயிடலாம்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், நானும் சிரித்தேன். சாமான் ஏற்றிக்கொண்டு ஒரு வேன் எங்களோடு வந்தது. அது முன்னால் போய்ச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்து வைத்திருக்கும். முடியாதவர்கள் போன் செய்தால் திரும்பி வந்து ஆளையும் வண்டியையும் ஏற்றிக்கொள்ளும். செத்தாலும் அந்த வேனில் ஏறுவதில்லை என்று நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன். இந்தப் பயணத்தில் எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

குழுவில் இன்னொரு ஏற்பாடு உண்டு. யார் கடைசியாக வருகிறாரோ அவருக்கும் பின்னால் ஒருவர் வருவார். கடைசிக் காவல் என்போம். முன்னால் போகிறவர் எவ்வளவு மெதுவாகப் போனாலும் காவல் அவரைத் தாண்டக் கூடாது. யாரும் வழியில் விடுபட்டுப் போய்விடக் கூடாது என்பதற்காக மணிபாரதி வைத்த சட்டம் அது. காவலுக்கு ரிஃபாயை விட்டால் ஆள் இல்லை. நினைத்தால் எல்லாருக்கும் முன்னால் போகக்கூடியவர், ஆனால் பின்னால் வருவதுதான் பிடிக்கும் என்பார். கடைசியாக வருகிறவன் நான்.

ரிஃபாய்க்கு என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது குறைவு. துபாயில் இருந்துவிட்டு வந்து பெயின்ட் கடை வைத்திருந்தார். மனைவி நௌஷின், இரண்டு பெண் குழந்தைகள். என்னை அண்ணே என்பார். நான் தம்பி என்பேன்.

மதம்தான் காரணமா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். இல்லை. நண்பகலில் லுஹர் தொழுகை நேரம் வந்தால் எங்கள் குழுவே நிற்கும். ரிஃபாய் கைகால் கழுவி ஒளுச் செய்ய, குழுவில் ஒருவரான செம்பியன் தன் தண்ணீர்ப் புட்டியை நீட்டுவார். மணிபாரதி கீழே விரிக்கத் துண்டு கொடுப்பார். நாங்கள் கொஞ்சம் தள்ளிப் போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்போம். முசிறி தாண்டி ஓரிடத்தில் வேன் டிரைவர் தெரியாமல் பாதித் தொழுகையில் ஆரன் அடித்துவிட்டார். செம்பியன் அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார். "தொழுவுற மனுசன அவசரப்படுத்துவியா நீ? அந்த மனுசன் நமக்காகவும் சேத்துத்தான்யா தொழுவுறாரு" என்றார். ரிஃபாய் தொழுது முடித்து வந்து டிரைவரைச் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து அவர் தொழும்போது யாரும் இருமக்கூட மாட்டார்கள்.

செம்பியனைப் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளிக்கூட வாத்தியார், வாய் சும்மா இருக்காது. எங்கள் பக்கம் திருவாரூர்த் தேரை அறியாதவர்கள் கிடையாது. நான் வந்து சேரும் இடத்திலெல்லாம் அவர் எழுந்து நின்று கைதட்டி, "தேரு நெலைக்கு வந்தாச்சு, எல்லாரும் கெளம்பலாம்" என்பார். தேர்ச் சக்கரத்துக்கு அடியில் கட்டையைப் போட்டு அதைத் திருப்பியும் நிறுத்தியும் கொண்டுவருகிறவர்கள் இருப்பார்கள் அல்லவா, ரிஃபாய்க்கு அந்தப் பெயர். முட்டுக்கட்டை. "தேரு எங்கயோ முட்டுக்கட்டை அங்க" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ரிஃபாய் மட்டும் சிரிக்க மாட்டார். எனக்காகத் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். மற்றவர்களின் சிரிப்பைவிட எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

மிதிக்காமல் சும்மா உருளும்போது பின்சக்கரத்திலிருந்து டிக்டிக்கென்று ஒரு சத்தம் வருமே, கேட்டிருப்பீர்கள். கும்பகோணம் சாலையில் நான் நாக்குத் தள்ள மிதித்துக்கொண்டிருப்பேன், பின்னால் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே வரும். அதாவது, நான் உயிரைக் கொடுத்து மிதிக்கிற வேகத்துக்கு அவர் மிதிக்கவே வேண்டியதில்லை. திரும்பிப் பார்த்தால் சட்டென்று கஷ்டப்பட்டு மிதிக்கிற மாதிரி காலைச் சுற்றுவார். நான் இறங்கித் தண்ணீர் குடித்தால் அவரும் இறங்கி, நன்றாகக் கட்டியிருக்கிற ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டுவார். "அவசரமே இல்லண்ணே, காத்து வாங்கிக்கிட்டே போவோம்" என்பார். அவர் நடிப்பது எனக்குத் தெரிகிறது என்று அவருக்குத் தெரியாது. அவ்வளவு நல்லவர். அதைப் பொய் என்று நான் ஒரு நாளும் சொல்ல மாட்டேன்.

மேட்டுப்பாளையம் வரைக்கும் சமாளித்துவிட்டேன். கோத்தகிரி ஏற்றத்தில் இரண்டாவது வளைவிலேயே இறங்கித் தள்ளும்படி ஆயிற்று. ரிஃபாயும் இறங்கினார். "நீங்க மிதிச்சிப் போங்க தம்பி, நான் வந்துடுவேன்" என்றேன். "எனக்கும் கால் வலிக்குதுண்ணே" என்றார். மலை முழுக்க என் பக்கத்திலேயே தள்ளிக்கொண்டு வந்தார். மணிபாரதி போன் செய்யும்போதெல்லாம் அவர்தான் எடுத்தார். "அண்ணன் நல்லா வர்றாங்க, வேன்லாம் வேணாம்" என்று சொல்லி வைத்தார். பொழுது சாய்கிற நேரத்துக்குக் கோத்தகிரி போய்ச் சேர்ந்தோம். செம்பியன் கைதட்டினார். ரிஃபாய் என் தோளில் கை போட்டு, "அண்ணே, மலைய ஜெயிச்சிட்டீங்க" என்றார். எனக்கு அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போல இருந்தது. தட்டிவிடவில்லை.

மறுநாள் ஊட்டிக்குப் போய், அங்கே ஒரு நாள் தங்கி ஓய்வெடுத்தோம். அதற்கடுத்த நாள்தான் நீங்கள் கேட்கிற நாள். பைக்காரா வரைக்கும் ஏற்றமும் இறக்கமுமாகப் போய், நடுவட்டம் தாண்டிக் கூடலூர் வரைக்கும் ஒரே இறக்கம். கிளம்புமுன் மணிபாரதி எல்லாரையும் விடுதி வாசலில் நிற்கவைத்துச் சொன்னார். "நம்ம ஊர்ல சொல்லிக்குடுத்ததெல்லாம் இன்னிக்கு மறந்துடுங்க. எறக்கத்துல முன் பிரேக்கும் புடிச்சாத்தான் வண்டி நிக்கும். எல்லாரும் ஒரு தடவ பாத்துக்குங்க. சந்தேகம்னா வண்டிய வேன்ல ஏத்திடுங்க, இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல."

நான் முன் பிரேக் பிடியை அழுத்தினேன். உள்ளே டிக்கென்றது. இன்னொரு தடவை அழுத்தினேன், மறுபடியும் டிக்கென்றது. பிடியைத் திறந்து எட்டிப் பார்த்தேன். கம்பி என்பது மெல்லிய இழைகளைச் சேர்த்து முறுக்கியது. பாதிக்குமேல் அறுந்து, சிவந்து, சிலுப்பிக்கொண்டு நின்றன. சொல்லியிருந்தால் வண்டி வேனில் ஏறியிருக்கும், கூடவே நானும் ஏறியிருப்பேன். பின் பிரேக் இருக்கிறதே என்று பேசாமல் இருந்துவிட்டேன். அந்த நேரம் வரைக்கும் நான் யாருக்கும் ஒரு கெடுதலும் நினைக்கவில்லை. அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அன்று பனிமூட்டம். சாலையோரத்து மரங்கள்கூடச் சரியாகத் தெரியவில்லை. எங்கள் ஊர்க்காரனுக்குக் குளிர் என்றாலே மார்கழி அதிகாலைதான் தெரியும். நான் காதை மூடித் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு மிதித்தேன். ஒவ்வொரு சின்ன இறக்கத்திலும் பின் பிரேக்கையே பிடித்துப் பிடித்து ரப்பர் கரைந்துகொண்டே வந்தது. பெரிய இறக்கம் தொடங்கும் இடத்துக்கு நாங்கள் வந்தபோது மற்றவர்கள் எல்லாரும் எப்போதோ கீழே போய்விட்டிருந்தார்கள். நானும் ரிஃபாயும்தான்.

"அண்ணே, ஒரு நிமிசம் நில்லுங்க. பின் சக்கரத்துல இரும்பு ஒரசுற சத்தம் கேக்குது" என்றார்.

குனிந்து பார்த்தார். ரப்பர் இருந்த இடத்தில் வெறும் தகடு இருந்தது.

"இத வச்சிக்கிட்டு எறங்க முடியாதுண்ணே. வேனக் கூப்புடட்டுமா?"

"வேன் வேணாம் தம்பி."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இப்போது தோன்றுகிறது.

"சரி, என் வண்டிய நீங்க எடுத்துக்குங்க. டிஸ்க் பிரேக்கு, பயமில்லாம எறங்கலாம். ஒங்க வண்டியில நான் வர்றேன். முன் பிரேக் ஒண்ணு இருந்தா எனக்குப் போதும். கூடலூருக்கு முன்னாடி நின்னு மாத்திக்குவோம். யாருக்கும் தெரிய வேணாம்."

இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே உயரம் என்பதால் இருக்கையைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. மாற்றிக்கொண்டோம். அவருடைய போன் அவர் வண்டியின் முன்பையிலேயே இருந்தது, அதையும் எடுக்கவில்லை. கீழே போனதும் வாங்கிக்கொள்ளலாம் என்றார். என் வண்டியின் முன் பிரேக்கை ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். நின்றுகொண்டு அழுத்தினால் அது பிடிக்கத்தான் செய்தது. அழுத்திவிட்டு என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அதற்கு வருகிறேன்.

கைக்கடிகாரத்தைப் பார்த்து, "லுஹர் வந்துடுச்சு. கீழ போயித் தொழுதுக்குறேன், பாவம் அவங்க நமக்காகக் காத்துக்கிட்டு இருப்பாங்க" என்றார். நமக்காக என்றார். எனக்காக என்பதை அப்படிச் சொன்னார்.

அவர் வண்டியில் இறங்க ஆரம்பித்தேன். அந்த டிக்டிக் சத்தம் இப்போது எனக்குக் கீழேயே கேட்டது. நான் கனமான ஆள். ஏற்றத்தில் என்னைப் பின்னால் இழுத்த உடம்பு இறக்கத்தில் முன்னால் தள்ளியது. மறைக்க மாட்டேன், சந்தோஷமாக இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது, அது காற்றால்தான். ஒரு வளைவில் திரும்பிப் பார்த்தேன், ரிஃபாய் வெகு தூரத்தில் இருந்தார். அடுத்த வளைவில் பார்த்தபோது ஆளே தெரியவில்லை. இப்படியே போனால் செம்பியன் கைதட்ட எழுந்திருப்பதற்குள் அவர் எதிரில் போய் நிற்கலாம் என்று கணக்குப் போட்டேன். பின்னால் யாரும் இல்லாமல் நான் ஓட்டியது அந்தச் சிறிது நேரம்தான்.

பிறகு, "ஓரமா, அண்ணே ஓரமா" என்று குரல் கேட்டது. ஒதுங்கினேன். ரிஃபாய் என்னைத் தாண்டிப் போனார். இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டே போனார். முன் பிரேக் பிடி அவர் விரல்களுக்குள் செத்த மீன் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. காரைக்காலில் கிளம்பியதிலிருந்து அவர் என்னைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். ஐயோ என்று தோன்றவில்லை. இவனும் தாண்டிவிட்டான் என்று தோன்றியது.

அடுத்த வளைவில் அவரால் திரும்ப முடியவில்லை. தடுப்புச் சுவர் இடிந்திருந்த இடம் அது. நான் வந்து நின்றபோது சாலையில் ஒன்றுமே இல்லை. கீழே புதருக்கு நடுவில் என் சைக்கிளின் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குக் கொஞ்சம் தள்ளி அவர் பாறையில் சாய்ந்த மாதிரி கிடந்தார். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்துவிட்டார்.

"அண்ணே."

"சொல்லுங்க தம்பி."

"கால் போயிருச்சுன்னு நெனைக்கிறேன். ரத்தம் நிக்க மாட்டேங்குது. வேனுக்குப் போன் பண்ணுங்க."

"சரி தம்பி."

"பதறாதீங்க. எனக்கு ஒண்ணுமில்ல. நீங்க மெதுவா, பாத்து எறங்குங்கண்ணே."

எனக்கு அங்கேதான் மனம் விட்டுப்போயிற்று. தொடையிலிருந்து ரத்தம் ஓடுகிறது, அந்த நிலையிலும் நான் எப்படி இறங்கப் போகிறேன் என்று கவலைப்படுகிறார். அங்கே கிடந்துகொண்டும் எனக்குக் காவல் இருக்கிறார். இந்த மனிதரிடமிருந்து எனக்கு விடுதலையே கிடையாது என்று நினைத்தேன். சத்தமாக நினைக்கவில்லை. அலுவலகத்தில் கோப்பை மூடிவைக்கிற மாதிரி அமைதியாகத்தான் நினைத்தேன்.

போனில் சிக்னல் இல்லை என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். இருந்தது. அவர் போனிலும் இருந்தது, என் போனிலும் இருந்தது. கழுத்தில் துண்டும் இருந்தது. அந்தத் துண்டைத் தொடையில் இறுக்கிக் கட்டியிருந்தாலே பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதாக நீங்கள்தான் சொன்னீர்கள். எனக்கு அந்த வைத்தியம் தெரியாது என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளலாம். தெரிந்திருந்தாலும் செய்திருக்க மாட்டேன்.

"இதோ" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டேன். இறங்கும்போது இரண்டு பிரேக்கையும் மாற்றி மாற்றிப் பிடித்தேன், மணிபாரதி சொல்லிக்கொடுத்தபடி.

கூடலூருக்கு வெளியே டீக்கடையில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். செம்பியன் எழுந்து கைதட்டினார்.

"தேரு நெலைக்கு வந்தாச்சு." பிறகு என் முதுகுக்குப் பின்னால் பார்த்தார். "என்ன சார், முட்டுக்கட்டையக் காணும்?"

"தொழுதுட்டு வர்றாரு" என்றேன்.

அந்த வார்த்தையை நான் முன்கூட்டி யோசித்து வைக்கவில்லை. வாயைத் திறந்தேன், அது வந்தது. மணிபாரதி, "இது பாய் வண்டியாச்சே" என்றார். இறக்கத்துக்கு மாற்றிக்கொண்டோம் என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. அவர் தலையாட்டிவிட்டு எனக்கு ஒரு டீ சொன்னார். யாரும் ரிஃபாயைத் தேடி எழுந்திருக்கவில்லை. தொழுகிறவரை யார் போய்த் தேடுவார்கள்? குரலைக்கூடக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார்கள், இத்தனைக்கும் அவர் மலைமேல் இருந்தார்.

டீயைக் குடித்துக்கொண்டிருக்கும்போது முன்பையில் அவருடைய போன் அடித்தது. நௌஷின். எடுக்காவிட்டால் திரும்பத் திரும்ப அடிக்கும் என்று எடுத்தேன்.

"என்னங்க, சாப்புட்டீங்களா?"

"நான் ராஜ்மோகன் பேசறேம்மா. தம்பி தொழுதுக்கிட்டு இருக்காரு."

"அப்படியாண்ணே, தொழுவட்டும், நான் அப்புறமா பேசிக்கிறேன். இன்னிக்கு மலை எறக்கம்னு சொன்னாங்க, காலையிலேருந்து மனசு அடிச்சிக்கிட்டே கெடக்கு. நீங்க கூட இருக்கீங்கள்ல, அது போதும்ணே."

"இருக்கேம்மா" என்றேன்.

இரண்டாவது டீயும் வந்தது. மணிபாரதிக்குத்தான் முதலில் பொறுக்கவில்லை. "பிரயாணத்துல சுருக்கித்தான தொழுவாங்க, இவ்வளவு நேரமா ஆவுது?" என்றார். நான் ஏதாவது சொல்ல வேண்டியிருக்குமோ என்று பார்த்தேன். தேவைப்படவில்லை. செம்பியன் அவரை அடக்கிவிட்டார். "சும்மா இருங்க சார். ஒரு வாரமா தேருக்குப் பின்னாடியே வந்த மனுசன், கொஞ்சம் நிம்மதியாத் தொழுவட்டும். நமக்கு என்ன ரெயிலா போயிடப் போவுது?" அந்தச் செம்பியன் இப்போது யாரிடமும் பேசுவதில்லையாம், பள்ளிக்கூடத்துக்கும் போவதில்லையாம். அவர்மேல் தவறு இல்லை என்று யாராவது அவரிடம் சொன்னால் நல்லது. நான் சொன்னால் எடுபடாது.

கடைசியில் வேனை மேலே அனுப்பினார்கள். அது திரும்பி வரும்போது ரிஃபாயை ஏற்றிக்கொண்டு வந்தது. அப்போதே எல்லாம் முடிந்திருந்தது. ஆஸ்பத்திரி வரைக்கும் யாராவது கூடப் போக வேண்டும் என்றார்கள், கடைசியாக அவரைப் பார்த்தவன் நான் என்பதால் என்னையே ஏறச் சொன்னார்கள். அந்த வேனில் நான் ஏறத்தான் வேண்டியிருந்தது. மங்கையர்க்கரசிக்கு இது இன்னும் தெரியாது, யாரும் சொல்ல வேண்டாம்.

ஊருக்குக் கொண்டுவந்தோம். ஜனாஸாவைத் தூக்கும்போது நானும் தோள் கொடுத்தேன். அவருடைய அத்தா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் எம்புள்ள கூட இருந்தீங்களே தம்பி" என்று அழுதார். நானும் அழுதேன். அது நடிப்பு இல்லை. ரிஃபாயை எனக்குப் பிடிக்கும். அன்றைக்கு அவருக்கு லுஹர் தவறிப்போனதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். மலைமேல் வண்டியை மாற்றிக்கொண்டபோது அவர் கேட்டது இதுதான்: "முன் பிரேக் நல்லாருக்காண்ணே?"

காலையில் நான் எட்டிப் பார்த்த இழைகள் கண்ணுக்கு முன்னாலேயே நின்றன. இல்லை என்று சொன்னால் வேன் வரும், இரண்டு பேரும் அதில் ஏறிக் கூடலூர் போவோம், செம்பியன் கைதட்டுவார், ரிஃபாய் தரையைப் பார்ப்பார். அதற்கடுத்த நாளும் அவர் பின்னால் வருவார். மாஹே வரைக்கும் வருவார், ஊருக்குத் திரும்பிய பிறகும் ஞாயிற்றுக்கிழமைதோறும் வருவார். எனக்கு யோசிக்க நேரம் இருந்தது. அவசரமாகச் சொல்லவில்லை.

"நல்லாருக்கு தம்பி. காலையிலதான் பாத்தேன்" என்றேன்.

"அப்ப சரிண்ணே" என்று சிரித்தார்.

அவ்வளவுதான் நடந்தது. நான் அவரைத் தள்ளவில்லை, தொடவில்லை, ஒரு கடுஞ்சொல் பேசவில்லை. ஆனால் கொன்றது நான்தான். பிரேக்கைச் சொல்லித் தப்பிக்க மாட்டேன். வக்கீல் வைக்கச் சொல்லி மைத்துனன் வந்து நின்றான், வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். எனக்குச் சொல்ல இதற்குமேல் ஒன்றும் இல்லை.

ஒரே ஒரு திருத்தம். நீங்கள் வாசித்துக்காட்டியதில், டீக்கடைக்கு 'கடைசியாக வந்து சேர்ந்த ராஜ்மோகன்' என்று எழுதியிருக்கிறது. அது தப்பு சார். அன்றைக்கு நான் கடைசி இல்லை. எனக்குப் பின்னால் ஒருவர் இருந்தார். அதை மட்டும் அடித்து எழுதிவிடுங்கள், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.